பதினான்கு வீட்டு உறைமோர்

எங்கள் மில் காலனியில் ஏழு மாதமாக எந்த ஆம்பளைக்கும் போதை ஏறவில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணியானால் கேட்கிற கெட்ட வார்த்தையும் தள்ளாட்டமும் ஒரு நாள்கூட நின்றதில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற பாவம் எனக்குத்தான் வாய்த்தது. ஏனென்றால் போதையை நிறுத்தியவள் நான்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்கு வெளியே, பைபாஸ் தாண்டி இருக்கிற நுண்ணுயிர் ஆய்வு மையத்தில் பாத்திரம் கழுவுகிறேன். பாத்திரம் என்றால் கண்ணாடிக் குழாய், கண்ணாடித் தட்டு, குடுவை. என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் மில்லில் ஃபிட்டர். இயந்திரக் கைகள் வந்த பிறகு அவருடைய ஷிப்ட் மத்தியானம் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். இரண்டிலிருந்து ஐந்து வரை பாரில் இருப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"நாயகம் குடிக்காத வரைக்கும் தங்கம்" என்று காலனியில் எல்லோரும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் அக்காவின் வீட்டுக்காரர் சீனிச்சாமியும் குடிக்காத வரைக்கும் தங்கம்தான். எதிர்வீட்டுக்காரர் சொக்கத்தங்கம். எங்கள் காலனியில் தங்கத்துக்குப் பஞ்சமே கிடையாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்தில் அவர் அறைந்த அறையில் எனக்கு இடது காது போய்விட்டது. மறுநாள் காலையில் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "சத்தியமா எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல செண்பகம். நான் அடிச்சேன்னு நீ சொல்லித்தான் தெரியுது" என்றார். அம்மா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வந்தேன். அடித்தது குடி, அழுதது அவர் என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டேன். அப்படிப் பிரிக்கத் தெரியாதவள் எங்கள் காலனியில் குடித்தனம் நடத்த முடியாது.

மையத்தில் டாக்டர் பெனிட்டா செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி தயிரில். ஒரு நாள் குடுவையைக் கழுவிக்கொண்டே, "இந்தத் தயிர்ல அப்படி என்ன டாக்டர் இருக்கு?" என்று கேட்டேன். அவருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும்.

"சோறு தின்னா செரிக்கணும் அக்கா. சாராயத்துக்கு அது தேவையில்ல. கொஞ்சம் வயித்துலயே ரத்தத்துக்குள்ள போயிரும், மிச்சம் பூராவும் சிறுகுடல்ல. அஞ்சு நிமிஷத்துல மூளைக்குப் போயிரும். கல்லீரல்தான் அதை உடைச்சு வெளியேத்தணும். ஆனா அதுக்கு ஒரு வேகம்தான். நீங்க எத்தனை ஊத்தினாலும் மணிக்கு இவ்வளவுன்னுதான் வேலை பார்க்கும். உடைக்கிறப்ப நடுவுல ஒரு விஷம் வேற உண்டாகும். மறுநாள் தலைவலி, குமட்டல் எல்லாம் அதனாலயும்தான்."

"அப்ப இந்தத் தயிரு?"

"இந்தத் தயிர்ல இருக்கிற கிருமி, சாராயம் ரத்தத்துக்குப் போறதுக்கு முன்னாடி வயித்துலயும் குடல்லயும் பிடிச்சு வினிகரா மாத்திரும். தினம் ஒரு கிண்ணம் சாப்பிட்டாப் போதும். ஒரு பாட்டிலே குடிச்சாலும் மூளைக்கு ஒரு சொட்டுப் போகாது. ஏப்பம் மட்டும் புளிச்சு வரும்."

ஆள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அந்தத் தயிரைக் கொடுப்பார்கள். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நான் என்ன சோதனை எலியா?" என்றார்.

எங்கள் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டுச் சுவர் பூராவும் ஒரே விளம்பரம்தான்: குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம். எத்தனையோ பெண்கள் எத்தனையோ பொடி வாங்கி, ரசத்தில் போட்டு, ஏமாந்திருக்கிறார்கள். நானும் இரண்டு தடவை ஏமாந்தவள். கையில் நிஜ மருந்து கிடைத்தபோது எனக்குச் சம்மதம், கையெழுத்து ஒன்றும் கண்ணில் படவில்லை. டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு கரண்டித் தயிர். அவ்வளவுதான் திருடினேன். காய்ச்சி ஆறவைத்த பாலில் விட்டேன். காலையில் கட்டித் தயிர். என் வீட்டுக்காரருக்குத் தயிர்ச்சோறு இல்லாமல் மில்லுக்குப் போகத் தெரியாது.

முதல் வாரம் அவருக்குக் கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது, தூக்கம் இல்லை. காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அப்புறம் சரியாகிவிட்டது. ஆனால் குடி அப்படியேதான் இருந்தது. ஐந்து மணிக்கு அதே தள்ளாட்டம், அதே வார்த்தை, முதுகில் அதே அடி. காலையில் அதே, "ஞாபகம் இல்ல செண்பகம்." பொடியைப் போல இதுவும் ஏமாற்று என்று விட்டுவிட்டேன். தயிர் மட்டும் நன்றாக உறைந்ததால் தொடர்ந்து அதையே பிரை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த முதல் வாரத்திலேயே சொர்ணத்தாய் அக்கா கிண்ணத்தோடு வந்தார். "செண்பகம், கொஞ்சம் உறைமோர் இருந்தாக் குடு. நேத்துப் பூனை உருட்டிட்டுப் போயிருச்சு." கொடுத்தேன். உறைமோர் கேட்டு யாராவது இல்லை என்பார்களா? அவரிடமிருந்து எதிர்வீடு, எதிர்வீட்டிலிருந்து கடைசி வீடு என்று, ஒரு மாதத்தில் பதினான்கு வீட்டிலும் என் தயிர்தான் உறைந்தது. காலனி ஆண்கள் எல்லோரும் புளிச்ச ஏப்பம் விட்டுக்கொண்டு திரிந்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஏழாவது மாதம், மையத்தில் வியர்வை ஒட்டு என்று ஒன்று வந்தது. பொட்டு மாதிரி தோலில் ஒட்டினால், உடம்பில் சாராயம் இருந்தால் சிவப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். பழையதாகிவிட்டது என்று தூக்கிப் போட்ட ஒரு அட்டையை எடுத்து வந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் என்னை அடித்துவிட்டு, சோறு தின்றுவிட்டு, கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவரின் பிடரியில் ஒன்றை ஒட்டினேன். முழுசாக ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம். ஒட்டு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் மையத்தில் கை கழுவ வைத்திருக்கும் ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்துப் பார்த்தேன். ரத்தச் சிவப்பாகிவிட்டது. தொடர்ந்து எட்டு நாள் அவர் பிடரியில் ஒட்டினேன். எட்டு நாளும் நீலம். அதில் மூன்று நாள் அடி வாங்கியிருந்தேன்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கை நடுங்குச்சா? பல வருஷம் குடிச்ச உடம்புக்குத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்து செத்தே போகலாம் அக்கா! என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?" என்று கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "பதினாலு வீடா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போது அவர் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் கவனித்தேன். அதைப் பேச எனக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை.

"டாக்டர், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. குடிச்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டே ஒரு ஆளு குடிகாரன் மாதிரி நடப்பாரா?"

"நடப்பாங்க. வெறும் தண்ணியைச் சாராயம்னு சொல்லிக் குடுத்தாலே சில பேர் சத்தமாப் பேசுவாங்க, தள்ளாடுவாங்க. அது வேஷம்னு சொல்ல முடியாது."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அப்படியே எழுந்து போயிருக்கலாம்.

"மறக்கிறதும் அப்படித்தானா?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "இல்லக்கா. நெறயக் குடிச்சா மூளை நடக்கிறதைப் பதிஞ்சு வைக்கிறதை நிறுத்திரும். அதுக்குச் சாராயம் நிஜமாவே மூளைக்குப் போகணும். இந்த ஏழு மாசத்துல நடந்த எதையும் அவர் மறந்திருக்க முடியாது."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது?"

"அப்ப நிஜமாவே குடிச்சிருந்தாரே. மறந்திருக்கலாம். மறக்காமலும் இருந்திருக்கலாம். அதை எந்த ஒட்டும் சொல்லாது."

கிளம்பும்போது கையைப் பிடித்து ஒன்று சொன்னார். "தயிரைத் திடீர்னு நிறுத்திராதீங்க. பத்துப் பன்னெண்டு நாள்ல கிருமி குடலை விட்டுப் போயிரும். இத்தனை மாசத்துல உடம்புக்குக் குடியைத் தாங்குற பழக்கமே விட்டுப் போயிருக்கும். பழைய அளவைக் குடிச்சா மூச்சு நின்னுரும். நான் மேல பேசி நர்ஸை அனுப்புறேன், ஒவ்வொருத்தரா நிறுத்துவோம்." மேலே பேசினார். மையத்துக்கும் என் தயிருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பதில் வந்தது. நர்ஸ் வரவில்லை. என் வேலையும் போயிற்று.

வேலை போன அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். செருப்பை உதறினார், சுவரைப் பிடித்தார், "சோத்தப் போடுளா" என்று கத்தினார், தட்டை எடுத்து எறிந்தார். எவர்சில்வர் தட்டு. இத்தனை வருஷத்தில் அவர் எறிந்ததெல்லாம் எவர்சில்வர்தான், பீங்கான் கப்பைத் தொட்டதில்லை. எனக்கு அன்றைக்குத்தான் அது புரிந்தது.

"நடிச்சது போதும்ங்க. உக்காருங்க" என்றேன். எட்டு நீல ஒட்டையும் மேஜைமேல் வைத்து, தயிரில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன்.

ஒட்டுகளைப் பார்த்தார். அப்புறம் நேராக நடந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். ஒரு தள்ளாட்டம் இல்லை. கோவிலுக்குப் போகிற நடை. அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரம் அவர் அடித்தபோதுகூட வந்ததில்லை.

"யாருகிட்டல்லாம் சொன்ன?" என்றார். முதல் கேள்வியே அதுதான்.

"காலனில யாருகிட்டயும் சொல்லல. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது மாசமே தெரியும். எல்லாருக்கும் தெரியும்." கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "மொதல்ல சரக்குல தண்ணி ஊத்துதான்னு பாரை மாத்துனோம். அப்புறம் அளவைக் கூட்டுனோம். ஒண்ணும் ஏறல. ஒரு நாளு சீனிச்சாமிதான், 'எனக்கு ஏறவே மாட்டேங்குடே'ன்னு வாயத் தொறந்தான். எனக்கும்தான், எனக்கும்தான்னு ஒவ்வொருத்தனாச் சொன்னானுவ."

"அப்புறம் எதுக்குக் குடிச்சீக?"

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை போலப் பார்த்தார். "பின்ன? குடிக்காம வந்தா, பேசுத ஒவ்வொரு பேச்சுக்கும் மறுநாளு நின்னு பதில் சொல்லணும்ல? குடிச்சுட்டு வந்தா நீங்களே விட்டுருதீக." கொஞ்சம் கழித்து, "அதுக்கப்புறம் யாரும் யாருகிட்டயும் அதப் பத்திப் பேசிக்கிடல. மறுநாளும் போனோம். அப்படியே போயிருச்சு" என்றார்.

பதினான்கு ஆண்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஏறாத சாராயத்தை ஏழு மாதமாகக் குடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கைநீட்டுவதற்கு அனுமதிச் சீட்டு வாங்குகிற மாதிரி.

"என் காதுல அறைஞ்சது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அது நெசமாவே குடிச்சிருந்தப்ப. அதுல பொய் இல்ல. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. என்னைய மட்டும் கொறை சொல்லாத. நீயும் அன்னைக்கு எங்கக்கா பேச்சை எடுத்திருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அன்றைக்கு, "உங்கக்காவக் கேட்டுத்தான் மூச்சு விடுவீகளா?" என்று கேட்டேன். அடுத்த நொடியில் அறை விழுந்தது. அறைந்தார் என்று மட்டும்தான் மறுநாள் சொன்னேன். எதற்கு என்று நான் அவரிடமும் சொன்னதில்லை, என் அம்மாவிடமும் சொன்னதில்லை. நான்கு வருஷமாக ஒரு வாக்கியத்தை நம்பி இந்த மனுஷனுக்குச் சோறு பொங்கிப் போட்டிருக்கிறேன். எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, "எனக்கு மட்டுமா, காலனிக்கே மருந்து வச்சிட்டாய்யா என் பொண்டாட்டி!" என்று சத்தம் போட்டார். எங்கள் ஊரில் மருந்து வைத்தாள் என்றால் வசியம் செய்தவள், குடியைக் கெடுத்தவள் என்று அர்த்தம். காலனியே கூடிவிட்டது. ஆண்கள் முகத்தில் அப்படி ஒரு கோபம். போதை ஏறவில்லை என்று மாதக்கணக்காகத் தெரிந்ததை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்கிற மாதிரி நின்றார்கள்.

"ஆமா, நான்தான் தயிர்ல குடுத்தேன். உங்களுக்குத் தெரியாமக் குடுத்தது தப்புத்தான்" என்றேன். "ஆனா ஏழு மாசமா இங்க ஒருத்தருக்கும் போதை இல்ல. இவங்க வீட்டுல செஞ்சதெல்லாம் தெளிஞ்ச புத்தியோட செஞ்சது. இவங்களுக்கும் அது தெரியும்." சொர்ணத்தாய் அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் என் கூடப்பிறக்காத அக்கா. எனக்குக் காது போனபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர். "அக்கா, உங்க கை எப்ப ஒடிஞ்சது? தயிர் வாங்கி அஞ்சாவது மாசம். சொல்லுங்கக்கா."

அக்கா தன் மாவுக்கட்டைப் பார்த்தார். சீனிச்சாமியைப் பார்த்தார். உதடு அசைந்தது, மாதத்தை எண்ணினார் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் போனார். தயிர்ச்சட்டியோடு வெளியே வந்தார். சாட்சிக்குக் கொண்டுவருகிறார் என்று எனக்குத் தைரியமாக இருந்தது. அவர் நேராகச் சாக்கடைக்குப் போய்ச் சட்டியைக் கவிழ்த்தார்.

"என்னக்கா பண்ணுதீக?"

என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கேட்கிற காதில் சொன்னார். "குடிச்சுட்டு அடிக்காருன்னா நான் எப்படியாச்சும் இருந்துருவேன் செண்பகம். குடிக்காம அடிக்காருன்னா, அந்த ஆளு கூட நான் எப்படிப் படுத்து எந்திரிக்க? எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ள இருக்கு. அவர் பழையபடி குடிகாரராவே இருந்துட்டுப் போகட்டும்."

ஒவ்வொரு வீடாகச் சட்டி வந்தது. பதிமூன்று சட்டி கவிழ்ந்தது. ஒருத்திகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் நான் முழுசாக விழுங்கவில்லை.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தொண்டை கிழியக் கத்தித்தான் சொன்னேன். "நல்லாக் கேட்டுக்கிடுங்க. இன்னும் பத்து நாள்ல தயிர் வேகம் போயிரும். உங்க உடம்பு குடிச்சு ஏழு மாசம் ஆச்சு. அளவைக் கூட்டி வச்சிருக்கீக. அதே அளவைக் குடிச்சா மூச்சு நின்னு செத்துருவீக. டாக்டர் சொன்னாங்க."

ஆண்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். "இவ சொல்லுத ஒரு வார்த்தையையும் நம்பாதீங்கடே. குடும்பத்தையே ஏய்ச்சவ, பயங்காட்டுதா" என்றார்.

ஒரு பையில் நாலு சேலையை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் போன் வந்தது. சொர்ணத்தாய் அக்கா. சீனிச்சாமி இறந்துவிட்டார். முந்தின நாள் மத்தியானம் பாரில் மேஜைமேல் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் குழாய் வழியாக மூச்சு விடுகிறார். இன்னும் மூன்று பேர் அங்கேயே படுத்திருக்கிறார்கள், பிழைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்களாம். அக்கா அழவில்லை. கடையில் வாங்க வேண்டிய சாமானைச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

என்ன இருந்தாலும் இருபது வருஷம். "அவுக?" என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரரு?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காரு" என்றார் அக்கா. "பந்தலுக்குச் சொல்லி, நாற்காலி எடுத்து, எல்லா வேலையும் அவர்தான் பார்க்காரு."

"அன்னைக்குப் பாருக்குப் போகலையா?"

"போயிருக்காரு. எங்க வீட்டு இவுக பக்கத்துலதான் உக்காந்திருந்தாராம். இவுகளுக்கு ஊத்திக் குடுத்ததே அவர்தானாம்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாரமாவே வயிறு சரியில்ல, வயிறு சரியில்லன்னு சொல்லி, அவர் மட்டும் வெறும் சோடாதான் குடிக்காராம், செண்பகம்."